கொழுந்தைக் கொடுத்தவன் கணக்கைக் கேட்கலாமா?

காலையில் எழுந்ததும் நாம் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீருக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கியிருக்கின்றது என எண்ணிப் பார்ப்பவர் சிலரே. செடியை நட்டவர், கொழுந்து கிள்ளியவர், கூடையைச் சுமந்தவர், தொழிற்சாலையில் வாட்டி அரைத்து உலர்த்தியவர், ஏலத்தில் விலை கூறியவர், கப்பலேற்றியவர் என அவ்வரிசை நீண்டு செல்லும். அவ்வரிசையில் முதலாவதாக நிற்பவருக்கே பணம் கடைசியாக வந்து சேர்கின்றது. அதுவும் பல கைகளைக் கடந்து, தேய்ந்து, சிறுத்து வந்து சேர்கின்றது. இஃது உலகெங்கும் காணப்படும் வழக்கம்.

இவ்வழக்கத்தை மாற்றி, கமக்காரனும் வாழவேண்டும், அவன் உழும் மண்ணும் கெடாதிருக்கவேண்டும் என்று விரும்புவோர், வளர்முக நாடுகளில் இக்காலத்தில் ஒரு வழியைப் பெரிதும் எடுத்துரைக்கின்றனர். அரசாங்கமும் தனியார் கம்பனிகளும் கூட்டாக முயலவேண்டும் என்பதே அவ்வழி. அரசாங்கத்திடம் சட்டமும் அதிகாரமும் உண்டு. கம்பனிகளிடம் மூலதனமும் தொழில்நுட்பமும் சந்தையும் உண்டு. இரண்டும் கைகோத்தால் கமத்தொழில் நீடித்து நிலைக்கும் என்பது அவர்கள் வாதம்.

கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயின், இக்கூட்டில் கமக்காரனுக்குரிய இடம் யாது? அவன் பங்காளியா, அல்லது கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வாய் மூடிச் செல்லவேண்டியவனா? இந்த வினாவுக்கு விடை தேடி, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்றுவரும் ஒரு பெரும் பரிசோதனையை இன்று நோக்குவோம். கிழக்காபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் சிறு தேயிலைக் கமக்காரரின் கதையே அது. தேயிலையோடு பிறந்து தேயிலையோடு வளர்ந்த எமது நாட்டினருக்கு அது முற்றிலும் அந்நியக் கதையன்று.

தடுக்கப்பட்ட செடி

பூமத்திய ரேகை ஊடறுத்துச் செல்லும் நாடு கென்யா. ஆயினும் அந்நாட்டின் நடுவே எழுந்து நிற்கும் மேட்டு நிலங்கள் குளிர்ச்சி மிக்கவை. செம்மண்ணும், ஆண்டில் பெரும்பகுதி பெய்யும் மழையும், காலைப் பனியும் அங்கே உண்டு. தேயிலைக்கு இதனிலும் சிறந்த இடம் வேறென்ன வேண்டும்? 1903ஆம் ஆண்டில் நைரோபிக்கு அண்மையிலுள்ள லிமுறு என்னுமிடத்தில் வெள்ளையர் ஒருவர் முதற் செடிகளை நட்டார். 1920களில் புறூக் பொண்ட், ஜேம்ஸ் பின்லே ஆகிய பெருங் கம்பனிகள் கெரிச்சோப் பகுதியில் பரந்த தோட்டங்களை உண்டாக்கின. இவ்விரு பெயர்களும் எமது மலைநாட்டாருக்குப் பழக்கமானவையே.

அந்நிய ஆட்சிக் காலத்தில் அந்நாட்டு மக்கள் தமது சொந்த நிலத்தில் தேயிலை பயிரிட அனுமதிக்கப்படவில்லை. தோட்டத்திற் கூலிக்குக் கொழுந்து கிள்ளலாம். தன் வீட்டு முற்றத்தில் ஒரு செடியை நடலாகாது. சிறு கமக்காரர் கையில் தேயிலையின் தரம் கெட்டுவிடும் என்பது வெளியிற் கூறப்பட்ட காரணம். அவரவர் தம் நிலத்திற் பணப் பயிர் செய்யத் தொடங்கினால் தோட்டங்களுக்கு ஆள் கிடையாது என்ற அச்சம் உள்ளே இருந்த காரணம்.

1952ஆம் ஆண்டில் நிலமிழந்த மக்களின் கிளர்ச்சி மூண்டது. அவசரகாலச் சட்டம் பிறந்தது, இரத்தம் சிந்தப்பட்டது. துப்பாக்கியால் மட்டும் இதனை அடக்கமுடியாது என்பதைப் பிரித்தானிய ஆட்சியாளர் உணர்ந்தனர். 1954ஆம் ஆண்டில், கமத்தொழிற் பகுதியைச் சேர்ந்த றொஜர் சுவின்னெற்றன் என்பவர் ஒரு திட்டத்தை வகுத்தார். சிதறிக் கிடந்த துண்டு நிலங்களை ஒன்றுசேர்த்து, உரிமையாளருக்கு உறுதி வழங்கி, காப்பி, தேயிலை முதலிய பணப் பயிர்களை அவர்களே செய்ய வழிவிடவேண்டும் என்பது அதன் சாரம். மக்கள் மனத்தை ஆறுதற்படுத்தும் அரசியல் நோக்கம் அதிற் கலந்திருந்தது உண்மையே. எனினும் மூடிய கதவு திறந்தது. 1957ஆம் ஆண்டில் நியெரி மாவட்டத்திலுள்ள ரகாட்டியில், சிறு கமக்காரரின் கொழுந்துக்கென்றே முதலாவது தொழிற்சாலை எழுந்தது. 1960ஆம் ஆண்டில் இம்முயற்சிக்கென ஓர் அதிகாரசபை அமைக்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12ஆந் திகதி கென்யா சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டே அச்சபை கென்யாத் தேயிலை அபிவிருத்தி அதிகாரசபை என்னும் புதிய பெயருடன் விரிந்தது.

மூவர் கூடிய முயற்சி

இப்புதிய சபை செய்த காரியம் யாதெனில், யாருக்கு எது இயலுமோ அதனை அவரிடம் ஒப்படைத்ததேயாம்.

அரசாங்கம் சட்டத்தை இயற்றியது. எங்கே நடலாம், எவ்வளவு நடலாம் என்பதை வரையறுத்து அனுமதி வழங்கியது. நாற்றுமேடைகளை அமைத்தது, தேயிலை விளையும் ஊர்களுக்குப் பாதைகளை வெட்டியது, வீடு வீடாகச் சென்று கற்பிக்க உத்தியோகத்தரைப் பயிற்றியது. கடனாகப் பணம் தந்தவை பிரித்தானியாவின் குடியேற்ற நாட்டு அபிவிருத்திக் கூட்டுத்தாபனமும் உலக வங்கியுமாம்.

தேயிலைக் கம்பனிகளின் பங்கு தொழிற்சாலைகளில் இருந்தது. தேயிலை அரைப்பது எளிய வேலையன்று. கொழுந்து சற்று மிகுதியாக வாடினாலும், புளிக்கும் நேரம் சற்றுப் பிந்தினாலும், உலர்த்தும் சூடு சற்று ஏறினாலும் ஒரு நாளைய உழைப்பு முழுவதும் பாழாகிவிடும். அந்த நுட்பம் அக்காலத்திற் கம்பனிகளிடமே இருந்தது. ஆகவே தொடக்கத்தில் அவை முகவராக நின்று, ஊதியம் பெற்று, தொழிற்சாலைகளை நடத்தின. தேயிலையை விற்றுக் கொடுத்தன. கென்யர் அவ்வேலையைக் கற்றுக்கொள்ள, காலப்போக்கில் முகாமை அவர்கள் கைக்கே வந்தது.

கமக்காரனிடம் இருந்தவை நிலமும் உழைப்பும். பெரும்பாலாரின் தேயிலைக் காணி ஒரு ஏக்கர் அளவினது. அதனிலும் குறைந்ததும் உண்டு. ஓரத்தில் மரவள்ளியும் சோளமும் வாழையும், கொட்டிலில் ஒரு பசு, எஞ்சிய இடத்தில் தேயிலை என்பதே அக்காணிகளின் தோற்றம். அவன் விற்ற ஒவ்வொரு கிலோக் கொழுந்திலுமிருந்து ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டுக் கடன் அடைக்கப்பட்டது. ஆகவே அம்முயற்சிக்கு மூலதனம் தந்தவர்களுள் அவனும் ஒருவன். இதனை நாம் மறத்தலாகாது.

கமக்காரர் தமக்குள்ளே தேயிலைக் குழுக்களைத் தெரிவு செய்தனர். ஊர்க் குழு மாவட்டக் குழுவுக்கும், மாவட்டக் குழு மேற்சபைக்கும் பிரதிநிதிகளை அனுப்பியது. லொறி வராத நாளில் யாரைக் கேட்பது, தராசு பிழையென்றால் எங்கே முறையிடுவது என்பன இதனால் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. சிறு காரியம் போலத் தோன்றினும், முயற்சியின் உயிர்நாடி இதிலேதான் இருந்தது.

இரண்டு இலையும் ஒரு மொட்டும்

அம்முறை எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று விரித்துக் கூறுவோம்.

விடியும்போதே குடும்பத்தினர் கொழுந்து கிள்ளத் தொடங்குவர். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்பது விதி. முற்றிய இலை கலந்தால் நிறை கூடும். ஆனால் தேநீர் கெடும். நண்பகலுக்குப் பின் கூடைகள் கொள்வனவு நிலையத்துக்குச் செல்லும். எமது தோட்டங்களில் மடுவம் என வழங்குகின்றோமே, அதனை ஒத்த சிறு கொட்டகை அது. அங்கே கொழுந்து ஒரு மேசையிற் பரப்பப்பட்டுப் பரிசோதிக்கப்படும். தகாத இலை ஒதுக்கப்படும். தகுந்தது நிறுக்கப்பட்டுச் சீட்டு வழங்கப்படும். கிள்ளிய கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலையை அடைதல் வேண்டும். ஆதலாற்றான் பாதையும் லொறியும் நாற்றைப் போலவே முதன்மை பெற்றன. ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகும்.

பணம் வழங்கும் முறையே இதன் சிறப்பு. மாதந்தோறும் நிறைக்கேற்ப ஒரு முதற் கொடுப்பனவு வரும். உப்பு, சீனி, மண்ணெண்ணெய் வாங்க அது உதவும். ஆண்டு முடிவில், தமது தொழிற்சாலையின் தேயிலை மொம்பாசா ஏலத்திற் பெற்ற விலையிலிருந்து செலவுகள் கழிந்த பின் எஞ்சிய தொகை இரண்டாவது கொடுப்பனவாகப் பங்கிடப்படும். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணம், வீட்டுக்குக் கூரைத் தகடு, இன்னுமொரு பசு ஆகியவையெல்லாம் இந்த இரண்டாவது கொடுப்பனவை நம்பியே திட்டமிடப்படுகின்றன.

இதிலுள்ள நுட்பத்தை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். கொழுந்துக்கு ஒரே விலை கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டால், முற்றிய இலையையும் கலந்து நிறையைக் கூட்டவே எவர்க்கும் மனம் எழும். ஆண்டிறுதியில் ஏல விலையில் தனக்கும் பங்குண்டு என்றால், அயலவன் கெட்ட இலையைக் கலப்பதையும் பொறுக்கமாட்டான். பெருங் கம்பனிகள் மேற்பார்வையாளரை வைத்துக் காத்த தரத்தை இங்கே கமக்காரரின் தன்னலமே காத்தது. சிறு கமக்காரர் கையில் தரம் கெடும் என்று முன்னர் கூறியவர்களின் வாக்குப் பொய்த்தது. வளர்ச்சி முயற்சிகளுள் வெற்றி கண்ட நிறுவனத்துக்கு உதாரணமாக உலக வங்கி 1982ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டது இந்த அதிகாரசபையையேயாம். இன்று ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு கமக்காரர் இம்முறையின் கீழ் உள்ளனர். கென்யாவின் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது அவர்களின் காணிகளிலிருந்தே வருகின்றது.

சீனி தந்த பாடம்

அரசும் கம்பனியும் கூடினாலே போதும், வெற்றி தானே வந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. அதே கென்யாவில், அதே காலத்தில், வேறொரு பயிரில் நடந்ததைக் கேளுங்கள்.

நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள முமியாஸ் என்னும் ஊரில் 1971ஆம் ஆண்டில் ஒரு சீனிக் கம்பனி நிறுவப்பட்டது. பெரும் பங்கு அரசாங்கத்துடையது. முகாமை புக்கர் என்னும் பிரித்தானியக் கம்பனியுடையது. கரும்பிற் பெரும்பகுதி சுற்றுப்புறக் கமக்காரருடையது. 1973ஆம் ஆண்டில் ஆலை ஓடத் தொடங்கியது. நெடுங்காலம் அதுவும் வெற்றிக்கு உதாரணமாகவே எடுத்துக் காட்டப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய சீனி ஆலை என்று பெயர் பெற்று விளங்கியது.

ஆயின் அங்கே கமக்காரனின் நிலை வேறு. கரும்பு முற்றப் பதினெட்டு மாதம் முதல் இரண்டாண்டு வரை செல்லும். அதுவரை மாதக் கொடுப்பனவு கிடையாது. நிலத்தை உழுவதும், கரணை தருவதும், பசளை தருவதும், வெட்டுவதும், ஏற்றிச் செல்வதும் கம்பனியின் ஏற்பாடு. அவற்றின் செலவெல்லாம் கமக்காரன் பேரிற் பற்று. வெட்டும் நாளையும் நிறையையும் அவன் தீர்மானிப்பதில்லை. கழிவுகள் போக மிகுதி ஒன்றுமில்லை என்ற சீட்டைக் கையிற் பெற்று வீடு திரும்பினோரும் உண்டு. உணவுப் பயிர் விளைந்த நிலமும் கரும்புக்கே போயிற்று.

2001ஆம் ஆண்டில் அக்கம்பனியின் பங்குகள் நைரோபிப் பங்குச் சந்தைக்கு வந்தன. பின்னர் முகாமைக் கேடு, கடன், மலிவான வெளிநாட்டுச் சீனி, பிற ஆலைகளின் போட்டி என ஒன்றன்மேலொன்றாக வந்தடைந்தன. கரும்புக்குப் பணம் கிடையாத கமக்காரர் கரும்பைப் பிடுங்கி எறிந்தனர். ஆலைக்குக் கரும்பில்லை, கரும்பில்லாததாற் பணமில்லை, பணமில்லாததாற் கரும்பில்லை. 2019ஆம் ஆண்டில் கடன் கொடுத்த வங்கி அக்கம்பனியைப் பொறுப்பேற்கும்படி ஆயிற்று.

தேயிலைக்கும் கரும்புக்கும் இடையே இயல்பான வேற்றுமைகள் உள. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை வேறொன்று. தேயிலைக் கமக்காரன் விற்பனைக் கணக்கிற் பங்கு பெற்றான். கரும்புக் கமக்காரன் செலவுக் கணக்கில் மாத்திரம் பங்கு பெற்றான். ஆலை தளர்ந்தபோது அதனைத் தாங்கிப் பிடிக்க அவனுக்குக் காரணமும் இருக்கவில்லை, வழியும் இருக்கவில்லை.

மண்ணைக் காப்பவர் யார்?

இனி மண்ணின் கதைக்கு வருவோம். செவ்வையாகப் பேணப்படும் தேயிலைச் செடி அரை நூற்றாண்டுக்கு மேலும் பலன் தரும். மலைச் சரிவில் மண் கரைந்தோடினால் அச்செடி வேரோடு சாகும். ஆகவே தேயிலைக்காரனுக்கு மண் காப்பது அறம் மட்டுமன்று, பிழைப்புமாம்.

2006ஆம் ஆண்டளவில், தேயிலை வாங்கும் பெருங் கம்பனியாகிய யூனிலீவரும், கமக்காரரின் தேயிலை நிறுவனமும், கெரிச்சோவிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும், பிரித்தானிய அரசின் உதவிப் பகுதியும் கூடி, கென்யாவில் வயற் பள்ளிகளைத் தொடங்கின. இம்முறை 1989ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் நெல் வயல்களில் ஐக்கிய நாடுகளின் உணவு, கமத்தொழில் நிறுவனத்தால் முதன்முதற் கைக்கொள்ளப்பட்டது. முப்பது பேரளவிற் கமக்காரர் ஒருவருடைய காணியிற் கூடுவர். அங்கே பிரசங்கம் இல்லை. ஒரு பாத்தியில் வழக்கமான முறை, அடுத்த பாத்தியிற் புதிய முறை எனச் செய்து, இரண்டையும் அளந்து, தாமே முடிவு காண்பர்.

அவ்வாறு கண்ட முடிவுகளுள் ஒன்று கவ்வாத்து வெட்டிய கிளைகளைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைத் தாழ வெட்டும்போது விழும் கிளைகளை விறகாகக் கொண்டுபோவதே பலருடைய வழக்கமாக இருந்தது. அவற்றை நிலத்திலேயே விட்டால் ஈரம் நிற்கும், மண் கரையாது, உக்கிப் பசளையாகும் என்பதைப் பாத்தியிற் கண்ணாரக் கண்டனர். பணச் செலவில்லாத பசளை! ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டுமே? ஆகவே வேலியோரத்தில் விறகு மரம் நடவேண்டும் என்ற எண்ணமும் உடன் பிறந்தது. அறிவுரை என்பது அடுப்படி வரை சென்றாலன்றிப் பயன்படாது என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டா.

தொழிற்சாலைகளுக்கும் விறகுப் பசி உண்டு. கொழுந்தை உலர்த்தும் சூட்டுக்காக மரங்கள் எரிகின்றன. அதற்கென அவை தாமே மரத் தோப்புகளை வளர்க்கவேண்டியதாயிற்று. விரைந்து வளரும் யூக்கலிப்டஸ் மரமோ ஓடையருகே நட்டால் நீரை உறிஞ்சிவிடும். ஒரு நோய்க்கு மருந்து தேடப் புகுந்து வேறொரு நோயை வரவழைக்கும் இத்தகைய சிக்கல்கள் நிலத்தோடு பழகுபவர்க்குப் புதியனவல்ல. கென்யா மலையிலிருந்து இறங்கும் ஆறுகளிற் சிறு நீர்மின் நிலையங்களை அமைக்கும் முயற்சியிலும் கமக்காரரின் நிறுவனம் இறங்கியது. அரசாங்கமும் தன் பங்குக்கு, 1986ஆம் ஆண்டில், காடுகளின் விளிம்பிலே தேயிலையை வேலி போல நட்டு, காட்டுக்குள் மக்கள் குடியேறுவதைத் தடுக்கும் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது.

இந்த இடத்தில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். வயற் பள்ளிக்குத் துணைநின்ற யூனிலீவர் பின்னர் தன் தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை விற்றுவிட்டது; 2022ஆம் ஆண்டில் அது வேறு முதலீட்டாளர் கைக்குச் சென்றது. ஜேம்ஸ் பின்லேயின் கென்யாத் தோட்டங்களை 2023ஆம் ஆண்டில் வாங்க முன்வந்தது எமது இலங்கைக் கம்பனியான பிறவுண்ஸ் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். லிப்டனின் கிழக்காபிரிக்கத் தோட்டங்களையும் அக்கம்பனியே வாங்குவதாக 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் கைமாறும், அரசாங்கங்களும் மாறும். கமக்காரன் மட்டும் அதே மண்ணில் நிற்கின்றான். ஒரு கம்பனியின் நல்லெண்ணத்தை மாத்திரம் நம்பிய திட்டம், அக்கம்பனி போகும்போது உடன் போய்விடும். கமக்காரன் கற்றுக்கொண்டதும், அவனுக்கு உரிமையானதுமே மண்ணோடு நிற்கும்.

உடையவருக்கே ஐயம்

கென்யக் கதை குறையற்றது என்று கூறி முடித்தால் நாம் பொய்யுரைத்தவராவோம்.

2000ஆம் ஆண்டில் அரசாங்கம் அதிகாரசபையை விட்டு விலகியது. அது கமக்காரரின் தொழிற்சாலைக் கம்பனிகளுக்கு உரிய ஒரு தனியார் கம்பனியாக மாறியது. சட்டப்படி ஒவ்வொரு கமக்காரனும் பங்காளி. ஆனால் கம்பனி பெருக, கிளைகள் பெருக, கணக்குப் புத்தகமும் தடித்தது. தராசடியிற் கேட்ட கேள்விகளுக்கு விடை கிடைத்தது. தலைமையகத்தை நோக்கிக் கேட்ட கேள்விகளுக்கு விடை கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. முகாமைக் கட்டணம் ஏன் இவ்வளவு? எமது பக்கத்துக்கும் மலையின் மறுபக்கத்துக்கும் ஆண்டுக் கொடுப்பனவில் ஏன் இத்துணை வேற்றுமை? இத்தகைய வினாக்கள் தீராமையால், கொழுந்தை உடன் காசுக்குத் தனியாரிடம் விற்போரும் தோன்றினர்.

2020ஆம் ஆண்டு இறுதியிற் புதிய தேயிலைச் சட்டம் வந்தது. 2021ஆம் ஆண்டில் அரசாங்கம் மீண்டும் தலையிட்டுப் புதிய பணிப்பாளர் தெரிவுகளை நடத்துவித்தது, வழக்குகளும் தொடர்ந்தன. அதே ஆண்டு ஏலத்திற் கிலோ ஒன்றுக்கு 2.43 டொலருக்குக் குறைந்து விற்கலாகாது என்று விலை வரம்பும் இடப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அவ்விலை கொடுத்து வாங்க ஆளில்லாத தேயிலை கிட்டங்கிகளிற் குவிந்தது. பின்னர் அவ்வரம்பு கைவிடப்பட்டது. சந்தையைச் சட்டத்தால் மாத்திரம் பணியவைக்க இயலாது என்ற பாடம் இதிலுண்டு.

இன்னொரு குறையை எமது தாய்மாரும் சகோதரிகளும் உடனே புரிந்துகொள்வர். கொழுந்து கிள்ளுபவர் பெரும்பாலும் பெண்கள். ஆனால் காணியும் கமக்காரர் இலக்கமும் கணவன் பேரில் இருத்தல் வழக்கம். ஆதலின் ஆண்டுக் கொடுப்பனவு எங்கே செல்கின்றது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். தொழிற்சாலையிற் கணக்குக் கேட்கும் உரிமையைப் பற்றிப் பேசும் நாம், வீட்டுக்குள் கணக்குக் கேட்கும் உரிமையையும் மறந்துவிடலாகாது.

எமது மலைகளில்

கென்யாவிலிருந்து திரும்பி எமது நாட்டை நோக்குவோம். தேயிலை என்றதும் பெருந்தோட்டங்களே எம் கண்முன் தோன்றுகின்றன. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் நட்ட செடிகளிலிருந்து தொடங்கிய வரலாறு அது. எமது மக்களின் வியர்வையால் எழுதப்பட்ட வரலாறு. ஆனால் இன்று இலங்கைத் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டது சிறுதோட்டங்களிலிருந்து வருகின்றது. இரத்தினபுரி, காலி, மாத்தறை முதலிய தாழ்நிலப் பகுதிகளிலேயே அவை மிகுதியாக உள. அவற்றுக்கென 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அதிகாரசபை அமைந்தது. தனியார் தொழிற்சாலை பெறும் விற்பனை விலையில் நூற்றுக்கு 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்ற கணக்கும் இங்கே உண்டு. அரசும் தனியாரும் கமக்காரரும் கூடிய முயற்சி எமக்கும் புதிதன்று.

ஆனால் கூட்டைக் கலந்தாலோசியாது ஒருவர் தனித்து முடிவெடுத்தால் நேர்வது யாது என்பதையும் நாம் கண்டோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளையின் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. மண்ணைக் காக்கவேண்டும் என்பதே கூறப்பட்ட நோக்கம். மண்ணுக்குரியவரைக் கேளாது, மாற்றுப் பசளையை ஆயத்தஞ் செய்யாது, ஒரே பருவத்திற் செய்யப்பட்ட மாற்றம் அது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 30 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை விளைவு, 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 கோடிக் கிலோவாக வீழ்ந்தது. பொருளாதார நெருக்கடியும் பசளை விலையேற்றமும் இதற்குத் துணைபோயின. எனினும் வயற் பள்ளியில் ஒரு பாத்தியிற் செய்து பார்க்கவேண்டியதை நாடு முழுவதிலும் செய்து பார்த்தோம் என்பதே உண்மை.

மலையகத் தோட்டங்களிலும் ஒரு கூட்டு முயற்சி நடைபெறுகின்றது. 1992ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் நிலத்தை நடத்தும் பொறுப்புத் தனியார் கம்பனிகளுக்கு அளிக்கப்பட்டது. நிலம் அரசினது, முகாமை கம்பனியினது. தலைமுறை தலைமுறையாக அம்மண்ணிற் கொழுந்து கிள்ளியவரின் பெயர் அந்த ஒப்பந்தத்தில் எங்கே இருந்தது? அண்மைக் காலத்தில், செடிகளைக் குடும்பங்களிடம் பகிர்ந்தளித்து, அவர்கள் பேணிக் கிள்ளும் கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறைகளைச் சில கம்பனிகள் கைக்கொண்டுள்ளன. நல்ல தொடக்கமாக அமையலாம். ஆயின் கென்யாவின் தேயிலையும் கரும்பும் எமக்கு முன்னே இருக்கின்றன. அம்முறை எப்பக்கம் செல்லும் என்பதைச் சில எளிய கேள்விகளே தீர்மானிக்கும்.

செடியையும் நிலத்தையும் பற்றிய உறுதி குடும்பத்தின் கையில் எழுத்தில் இருக்கின்றதா? விற்ற விலையின் கணக்கு, அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியில், அவர்களுக்குக் காட்டப்படுகின்றதா? தராசு பிழையென்றால் முறையிடுவதற்கு, அவர்களே தெரிவு செய்த ஒருவர் இருக்கின்றாரா? இம்மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைக்குமாயின், கவ்வாத்துக் கிளையை மண்ணிலே விடுமாறு எவரும் உத்தரவிடவேண்டியதில்லை. பத்தாண்டு கழிந்தும் இச்செடி என் பிள்ளைக்கே பயன் தரும் என்று நம்புபவன் மண்ணைத் தானே காப்பான். அந்நம்பிக்கை இல்லாதவனிடம் எத்தனை பள்ளி நடத்தினாலும், எத்தனை சான்றிதழ் ஒட்டினாலும், மழை வந்து மண்ணைக் கொண்டுபோகும்.

இதனை வாசிக்கும் மாணவர்களுள் நாளை உத்தியோகத்தராவோர் உளர், கம்பனிகளில் அமர்வோர் உளர், கணக்காளராவோரும் உளர். அவர்களுட் பலர் கொழுந்துக் கூடையின் நிழலில் வளர்ந்த பிள்ளைகள். ஒப்பந்தப் பத்திரம் ஒன்று உங்கள் மேசைக்கு வரும் நாளில், அரசாங்கத்தின் முத்திரையும் கம்பனியின் கையொப்பமும் இருக்கின்றனவா என்று பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். கொழுந்து கொடுத்தவரின் பெயர் அதில் எங்கே இருக்கின்றது என்றும் தேடிப் பாருங்கள்.